வாத்துக்காலின் எடை

என் கணவர் தராசு மெக்கானிக். கடைத்தெருவில் அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ‘கிராம்’ வீடு எது என்று கேளுங்கள், கையைப் பிடித்துக் கூட்டிவந்து எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். கறிக்கடைத் தராசு, பழைய பேப்பர்க் கடைத் தராசு, நகைக்கடையில் மூச்சுக் காற்று படாமல் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்திருக்கும் சின்னத் தராசு, எதற்குக் கிறுக்குப் பிடித்தாலும் எங்கள் முன்னறைக்கு வந்துதான் தெளியும். அந்த அறையில் வருகிறவர்கள் உட்கார ஒரு நாற்காலி கிடையாது. ஸ்பிரிங், தட்டு, ஒயர், முத்திரை குத்திய எடைக்கற்கள் அடுக்கிய மரப்பெட்டி, இவற்றுக்கு நடுவே என் மாமனார் காலத்து பிளாட்பாரத் தராசு. மூட்டை நிறுக்கிற ராட்சசத் தராசு அது. வீட்டைக் கட்டிவிட்டு அதை உள்ளே கொண்டுவந்தார்களா, அதை வைத்துவிட்டுச் சுற்றிலும் வீட்டைக் கட்டினார்களா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

மனுஷர் நல்லவர். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்கிற மனநிலையில் நான் இருப்பேனா தெரியாது. ஆனால் எடை என்று வந்துவிட்டால் அவருக்குப் பெண்டாட்டி, பிள்ளை, சாப்பாடு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. கல்யாணமான புதிதில் ஒருநாள் என்னை அந்தப் பிளாட்பாரத்தில் ஏறி நிற்கச் சொன்னார். ஏதோ கொஞ்சுகிறார் என்று நினைத்து ஏறினேன். கல்லைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, “அம்பத்தெட்டு கிலோ நானூறு” என்றார்.

“அம்பத்தெட்டுன்னு சொன்னா என்னவாம்?” என்றேன்.

“அதெப்படி? மிச்ச நானூறை எங்க கொண்டுபோய் வைக்கிறது?” என்றார். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார். அன்றைக்கே எனக்குப் புரிந்துபோயிற்று, இந்த ஆளோடு குப்பை கொட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை என்று.

அவருக்கு ஒரே ஓர் அக்கா. பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு மேற்பார்வை. அவர் ஒரு சத்தம் போட்டால் நோயாளி மட்டுமல்ல, பார்க்க வந்தவர்களும் எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் இவருக்குத் தலை வாரிவிட்டதிலிருந்து பள்ளிக்கூடத்தில் போய்ச் சண்டை போட்டது வரை எல்லாம் அவர்தான். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் தம் வீட்டுக்காரரோடு வந்துவிடுவார். நல்ல கனத்த உடம்பு. அந்தப் பிளாட்பாரத்தில் மட்டும் ஒருநாளும் ஏறியதில்லை. “ஏறுக்கா, பாத்துடலாம்” என்று இவர் கூப்பிடுவார். “உன் தராசு என்னைத் தாங்காதுடா, போடா” என்று அவர் சிரிப்பார். வாராவாரம் இதே பேச்சு, இதே சிரிப்பு. எனக்குச் சலித்துப்போகும். அது நின்றுபோன பிறகுதான் அந்தச் சலிப்பு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று தெரிந்தது.

நிறுத்தியது ஒரு துப்பாக்கி.

இவர்களுடைய தாய்மாமா ஒருவர் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபோது அக்காவும் தம்பியும்தான் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். அவர் ஒரு தகரப் பெட்டியைக் காட்டி, “ரெண்டு பேரும் சரிபாதியா எடுத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். பெட்டியைத் திறந்தால் கம்பளிச் சட்டை, ஷேவிங் பிரஷ், அடியில் துணி சுற்றிய ஒரு சாமான். துணியைப் பிரித்ததும் நான் ஓரடி பின்னால் போய்விட்டேன்.

கைத்துப்பாக்கிதான். ஆனால் குழல் ஒன்று இல்லை, நான்கு. விரலை விரித்த கை மாதிரி நான்கும் நான்கு பக்கமாக விரிந்து நின்றன. மரப் பிடி, அதில் கறுத்துப்போன வெள்ளித் தகடு, மேலே துருப்பிடித்த சின்னச் சுத்தியல். அண்ணி அதைப் பார்த்த மாத்திரத்தில், “என்னடா இது, வாத்துக்கால் மாதிரி இருக்கு” என்றார். பிறகு மியூசியத்தில் கேட்டால் உலகம் முழுக்க அதற்கு அதுதான் பெயராம். கப்பலில் ஆட்கள் கலகம் பண்ணினால் கேப்டன் இதை நீட்டிக்கொண்டு நிற்பாராம். ஒரு தடவை விசையை இழுத்தால் நான்கும் ஒன்றாக வெடிக்குமாம். ஒரே சமயத்தில் நாலு பேரோடு சண்டை போடத் தோதான சாமான். எங்கள் குடும்பத்துக்கென்றே அளவெடுத்துச் செய்தது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்கு வந்ததும் இவர் செய்த முதல் வேலை என்னவாக இருக்கும்? அதைத்தான் செய்தார். நிறுத்தார். நிறுத்து, எடையை ஒரு காகிதத்தில் எழுதிப் பிடியில் ஒட்டினார். ஒரு கிலோ நூற்றுப் பதினாறு கிராம். பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். அங்கே இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு குழலையும் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, “பழம்பொருள்தான், வீட்ல வச்சுக்கோங்க” என்று சொல்லியனுப்பிவிட்டாராம்.

அதை விற்று ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வது என்று பேச்சு. நகரத்தில் பழம்பொருள் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் வாயில் சிகரெட்டோடு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு விலை சொன்னார். சுமாரான விலை. ஒரு நல்ல ஃபிரிட்ஜ் வாங்கலாம், அவ்வளவுதான். “சுத்தியல் இறுகிப்போச்சு, நல்லா எண்ணெய் விட்டு இளக வச்சுக் கொண்டாங்க, கொஞ்சம் கூட்டித் தர்றேன்” என்றும் சொன்னார். இவர் எண்ணெய் விட்டாரா? விடவில்லை. நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், எண்ணெய்க் குப்பியை எடுத்துக் கையிலேயே கொடுத்தேன். “எண்ணெய் விட்டா எடை மாறிடும்” என்றார். தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் துப்பாக்கியை நடுவில் வைத்துச் சுற்றி நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். நான், இவர், அண்ணி, அண்ணியின் வீட்டுக்காரர். இவர் கடைக்காரர் சொன்ன விலையை அப்படியே சொன்னார். அண்ணியின் வீட்டுக்காரர் இருக்கிறாரே, அவருக்குக் கையில் போன் இருந்தால் போதும், உலகத்தில் தெரியாத விஷயம் இல்லை. தேடி எடுத்துக் காட்டினார். எங்கேயோ ஏலத்தில் இதே மாதிரி வாத்துக்கால் ஒன்று போயிருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு வீடு வாங்கலாம்.

அண்ணி போனைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். “எங்கடா போய்க் கேட்டே?”

“கடைலக்கா. நகரத்துல இருக்கே, அந்தக் கடைல.”

“ஒரே கடைலயா? அவன் சொன்னான், நீ தலையாட்டிட்டு வந்துட்டே, அதை நான் நம்பணும்?”

“நான் என்ன கேட்டேனோ அதைத்தானே சொல்றேன்.”

அதோடு விட்டிருக்கலாம். அண்ணி வார்டில் பழகிய வாய், விடுமா? “ஊருக்கெல்லாம் சரியா நிறுத்துக் கொடுக்கிறவன், அக்காவுக்குன்னு வரும்போது மட்டும் குறைச்சு நிறுக்கிறியாடா?” என்றார்.

சொன்ன மாத்திரத்தில் இவர் முகம் பேயறைந்தது போல ஆகிவிட்டது. ஒரு தராசுக்காரனிடம் சொல்லக்கூடாத ஒரே வார்த்தை அதுதான். “நானே கொண்டுபோய்க் கேக்கிறேன், கொடு” என்று அண்ணி குழல்களைப் பிடித்துத் தம் பக்கம் இழுத்தார். இவர் பிடியை விடாமல் தம் பக்கம் இழுத்தார். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் பொம்மைக்கு இழுப்பதைப் போல இழுத்தார்கள். கடைசியில் அண்ணிதான் விட்டார். “வச்சுக்கோ, நீயே வச்சுக்கோ” என்று சொல்லிவிட்டு, போட்ட காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்துபோனார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. வீட்டுக்காரரை விட்டு எடுக்கச் சொல்லி, “டூட்டியில இருக்கா” என்று சொல்லவைத்தார்.

அன்றிலிருந்து இந்த மனுஷர் என் உயிரை வாங்கிய கதையை எங்கே போய்ச் சொல்வேன்! துப்பாக்கியைத் தலையணை உறைக்குள் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினார். நாடகங்களுக்குச் சாமான் வாடகைக்கு விடுகிற ஒருவர் அதைக் கையில் வாங்கி, கண்ணாடிக்கு முன்னால் நின்று தம்மைத்தாமே சுடுவதுபோல் போஸ் கொடுத்துவிட்டு, மாத வாடகைக்குக் கேட்டாராம். நகைக்கடைக்காரர் வெள்ளித் தகட்டுக்கு மட்டும் விலை சொன்னாராம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விலை. ஒவ்வொரு விலைக்கும் இவர், “இதைச் சொன்னா அக்கா நம்புமா?” என்று என்னைக் கேட்பார்.

“நீங்க விலை தேடலீங்க. உங்க அக்கா நம்புற மாதிரி ஒரு நம்பர் தேடுறீங்க. அது எந்தக் கடையிலயும் கிடைக்காது” என்றேன்.

“சரியான விலைன்னா நம்பித்தானே ஆகணும்?”

“எது சரியான விலை?”

“அதைத்தானே தேடுறேன்” என்று தலையணை உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். இந்த மனுஷரிடம் பேசி ஜெயிக்க நான் இன்னொரு ஜென்மம் எடுக்க வேண்டும். மருந்துக்கடைக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு நானே பேசிக்கொண்டு போனேன். நான் வேலை பார்ப்பது அங்கேதான். தலைவலி மாத்திரை விற்கிற இடத்திலேயே தலைவலியோடு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் மியூசியத்துக்குப் போனார். அங்கே ஆயுதப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர் விடுப்பில் இருந்தார். நாணயப் பிரிவு அம்மாள் ஒருவர் பொறுமையாக எல்லாவற்றையும் அளந்து பார்த்தாராம். இதே பட்டறையில் செய்த வாத்துக்கால் ஒன்று அவர்களிடமும் இருக்கிறதாம். இவர் பெருமையாகப் பிடியில் ஒட்டிய எடையைக் காட்டியிருக்கிறார். அந்த அம்மாள் தங்களுடைய அட்டையைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாராம்.

“நீளம், அகலம் எல்லாம் ஒத்துப்போகுது சார். எடைதான் உதைக்குது. எங்களுது உங்களுதைவிட அம்பது கிராம் கிட்ட குறைவு. போலி செய்யிறவங்க மட்டமான இரும்புல தடியா வார்ப்பாங்க, அதனால கனம் கூடும். உங்களுது போலின்னு நான் சொல்லல. ஆனா அசல்னு எழுதித் தர முடியாது.”

வேறு யாராக இருந்தாலும், “ஐயையோ, ஏன் இது கனம் கூட இருக்கு?” என்று கேட்டிருப்பார்கள். இவர் என்ன கேட்டார் தெரியுமா? “உங்க தராசுக்குக் கடைசியா எப்ப முத்திரை போட்டீங்க?”

வீட்டுக்கு வந்து குட்டி போட்ட பூனை மாதிரி முன்னறையில் சுற்றினார். “அம்பது கிராம்! என் தராசுல அம்பது கிராம் வித்தியாசமாம்! அம்பது கிராம் தப்பா நிறுத்தா நான் கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்!”

“உங்க தராசு தப்புன்னு அவங்க சொல்லவே இல்லையே. துப்பாக்கியைத்தானே சொன்னாங்க.”

“அதே அர்த்தம்தான்” என்றார். எதிலே முட்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுபடி மியூசியத்துக்குக் கிளம்பினார். இந்தத் தடவை ஒரு தோளில் துப்பாக்கி, ஒரு கையில் எடைக்கல் பெட்டி. நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன், தனியாக விட்டால் யாரோடு சண்டை போட்டுக்கொண்டு வருவாரோ என்று. வாசலில் காவலாளி நிறுத்தினார். நாலு குழல் துப்பாக்கியைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, ஏற்கெனவே பார்த்ததுதானே. எடைக்கல் பெட்டியைத்தான் உள்ளே விடமாட்டேன் என்றார். “கண்ணாடிப் பெட்டியெல்லாம் இருக்கு, இரும்பை எல்லாம் உள்ள கொண்டுபோகக் கூடாது.” அவரிடம் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே போனோம்.

நாணயப் பிரிவு அம்மாளின் பொறுமைக்குக் கோயிலே கட்டலாம். இவர் அவர்களுடைய தராசை ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தார். தம்முடைய கற்களை இடுக்கியால் எடுத்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். குற்றம் கண்டுபிடித்தே தீருவது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். தராசு அப்பழுக்கு இல்லாமல் சரியாக இருந்தது. அவர்களுடைய வாத்துக்காலை வைத்தார், அவர்கள் அட்டையில் இருந்த எடையே வந்தது. எங்களுடையதை வைத்தார், இவர் எழுதி ஒட்டிய எடையே வந்தது. அந்த அம்மாள் இவரைப் பாவம் பார்க்கிற மாதிரி பார்த்தார். அதுதான் இவருக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து துப்பாக்கியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, அதற்கு எதிரே உட்கார்ந்தார். அப்புறம்தான் சொன்னார்.

“போலின்னு எப்படிப் போய் அக்காகிட்ட சொல்லுவேன்? அசலை நான் வித்துத் தின்னுட்டு, போலியைச் செஞ்சு வச்சுட்டேன்னு நினைக்காதா? மாமா பெட்டில இருந்தது அசல்தான், எனக்குத் தெரியும். இனிமே அக்கா இங்க வரவே வராது.”

கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. எனக்கு எப்போதுமே கோபம்தான் முதலில் வெளியே வரும்.

“எங்க கடைல காலி பாட்டில்னு சொல்லி ஒருத்தர் நீட்டுறார், கையில வாங்கினா கனக்குது. நான் என்ன நினைப்பேன்? என் கை தப்புன்னா நினைப்பேன்? பாட்டில் போலின்னா நினைப்பேன்? உள்ள மருந்து இருக்குன்னு நினைப்பேன்! உங்க தராசு சரி, அவங்க தராசும் சரி, ரெண்டும் ஒரே பட்டறைச் சாமான், ஆனா உங்களுது கனக்குது. அப்போ உள்ள என்னமோ அடைச்சுக்கிட்டிருக்கு! துருவோ, அழுக்கோ, எலிப் புழுக்கையோ! இத்தனை நாளா தராசைத் தூக்கிட்டு அலைஞ்சீங்களே, ஒரு குச்சியை விட்டுப் பாத்தீங்களா?”

அவர் என்னையே பார்த்தார். எழுந்துபோய் முன்னறையிலிருந்து ஒரு மெல்லிய கம்பியைக் கொண்டுவந்தார். முதல் குழலுக்குள் விட்டு, கம்பி முட்டி நின்றதும் குழல் வாய் மட்டத்தில் விரலால் பிடித்து, வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பார்த்தார். அடிவரை போகவில்லை. இரண்டாவதிலும் போகவில்லை. மூன்றாவது, நான்காவது.

“பாத்தீங்களா, அழுக்கு” என்றேன்.

“அழுக்குன்னா நாலுலயும் ஒரே அளவா அடையும்?” என்றார். குரல் மாறிப்போயிருந்தது.

அப்புறம் நான்தான் மியூசியத்துக்கு போன் போட்டேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அம்மா, அதைத் தொடாதீங்க. குண்டு போட்டபடியே இருக்கு. வெடிமருந்து எத்தனை வருஷமானாலும் சாகாது. இப்ப எங்க இருக்கு?”

“மேசை மேல.”

“யார் பக்கமும் பாக்காத மாதிரி இருக்கா?”

பார்த்தேன். ஒரு குழல் என் வயிற்றுக்கு நேராக, ஒன்று இவருக்கு நேராக, ஒன்று சமையலறைக்கு, ஒன்று பக்கத்து வீட்டுச் சுவருக்கு. “திருப்பி வைங்க!” என்று இவரிடம் கத்தினேன்.

“தொடாதேன்னு இப்பத்தானே சொன்னாங்க! திருப்பினாலும் எந்தப் பக்கம் திருப்ப?” என்று அவரும் கத்தினார். வாஸ்தவம்தான். அதை எப்படித் திருப்பினாலும் யாராவது ஒருவர் மாட்டிக்கொள்வார்கள். இந்தச் சனியனைச் செய்தவன் அதற்காகத்தானே செய்திருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுக்கொண்டு தெருவில் போய் நின்றோம்.

விடுப்பில் இருந்த ஆயுதப் பிரிவுக்காரர் அலறியடித்துக்கொண்டு ஒரு போலீஸ்காரரோடு வந்து சேர்ந்தார். வீட்டுக்குப் பின்னால் மணல் வாளியை வைத்து, குழல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ஈயக் குண்டு, ஒரு துணித் துண்டு, ஒரு சிட்டிகைக் கறுப்புப் பொடி. பொடியைத் தண்ணீரில் கொட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“உலர்ந்துதான் இருந்திருக்கு. ஒரு பொறி பட்டிருந்தா நாலும் போயிருக்கும். சுத்தியல்ல பொறி கிளப்புற கல்லுகூட அப்படியே இருக்கு. துரு இறுகினதுனால தப்பிச்சீங்க. எண்ணெய் விட்டிருந்தீங்கன்னா கதை வேற.”

இவர் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. எண்ணெய்க் குப்பியை எடுத்துக் கையில் கொடுத்தவள் நான். எடை மாறிவிடும் என்ற அந்தப் பைத்தியக்காரத்தனம்தான் எங்கள் உயிரைக் காப்பாற்றியது என்பதை நினைக்க நினைக்க எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. குழலைக் கண்ணில் வைத்துப் பார்த்த இன்ஸ்பெக்டர், சிகரெட் கடைக்காரர், கண்ணாடி முன்னால் போஸ் கொடுத்தவர், எல்லோரும் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. அப்போதுதான் நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

இந்த மனுஷர் அதற்குள் காலித் துப்பாக்கியைத் தராசில் வைத்துவிட்டார். மியூசியத்துத் துப்பாக்கியின் எடையே வந்தது. “பாத்தியா! ரெண்டு தராசும் சரி! நான் அப்பவே சொன்னேன்ல?” என்று முகமெல்லாம் சிரிப்பு. அந்தத் துப்பாக்கியாலேயே ஒரு போடு போடலாம் போலிருந்தது. ஆயுதப் பிரிவுக்காரர், அசல்தான், சந்தேகமே இல்லை என்றார். மியூசியமே வாங்கிக்கொள்ளும், வீடு வாங்குகிற அளவுக்கெல்லாம் வராது, ஃபிரிட்ஜுக்கு மேலே, நல்ல ஸ்கூட்டர் இரண்டு வரும் என்று விலையும் சொன்னார்.

நான் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, வார்டு மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள், அவசரம் என்றேன். அண்ணி வந்ததும் மூச்சு விடாமல் கொட்டினேன். “உங்க தம்பி நாலு குண்டு போட்ட துப்பாக்கியைத் தோள்ல மாட்டிக்கிட்டு ஊரெல்லாம் சுத்தியிருக்கார் அண்ணி! உங்களுக்கு விலை கேக்கத்தான்! இப்பத்தான் எடுத்தாங்க!” அந்தப் பக்கம் போன் வைத்த சத்தம்தான் கேட்டது.

யூனிஃபார்மோடு, ஆஸ்பத்திரிக்குள் போடுகிற ரப்பர் செருப்போடு ஆட்டோவிலிருந்து இறங்கினார். ஆட்டோக்காரருக்குக் காசு கொடுக்காமல் உள்ளே வந்தார், நான்தான் கொடுத்தேன். முன்னறையில் நின்றிருந்த தம்பியின் கை, தோள், தலை என்று நோயாளியைப் பார்ப்பதுபோல் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் கைப்பையாலேயே முதுகில் சாத்தினார்.

“அறிவிருக்காடா உனக்கு? பஸ்ல கொண்டுபோனியாமே! எந்தத் தோள்ல? தலைக்குப் பக்கத்துலயா? போயிருந்தா நான் யாரைடா கேப்பேன்?”

“அசல்தானாம்க்கா. மியூசியத்துல எடுத்துக்கிறாங்க. விலையும் சொல்லிட்டாங்க, நீயே அவர்கிட்ட போன்ல...”

“விலையை எவன்டா கேட்டான்?”

இவ்வளவு நாள் அடக்கிவைத்திருந்தது எனக்குப் பொத்துக்கொண்டது. “நீங்கதான் அண்ணி கேட்டீங்க! நீங்க கேட்டீங்கன்னுதானே இந்த ஆளு வேலைவெட்டியை விட்டுட்டு அலைஞ்சார்! எத்தனை வாரமா என் பிராணனை வாங்கிட்டார் தெரியுமா?”

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அன்னைக்கு நீ இழுத்தே இல்ல,” என்றார் இவர், “குழல் பக்கம் பிடிச்சு இழுத்தே. நான் இந்தப் பக்கம் இழுத்தேன். அப்ப என் விரல் விசைலதான்க்கா இருந்துச்சு.” அவ்வளவுதான், அழ ஆரம்பித்துவிட்டார். அழுதுகொண்டே, “உனக்கு நான் குறைச்சு நிறுப்பேனாக்கா?” என்றார்.

“சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது” என்றார் அண்ணி. “என் வாய் இருக்கே, அது எனக்கே அடங்காது. நீ அதை மனசுல வச்சுக்காதே.” தம்பி நிறுத்துவதாக இல்லை. அண்ணி சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு ரப்பர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்தப் பிளாட்பாரத் தராசில் ஏறி நின்றார்.

“அழுதது போதும். நிறு. சரியா நிறுத்துச் சொல்லு” என்றார்.

இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்லைத் தள்ளினார். கொஞ்சம் தள்ளினார், இன்னும் கொஞ்சம் தள்ளினார். கம்பி நடுவில் வந்து நின்றது. குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

“தொண்ணூத்தி மூணு கிலோ அறுநூறு.”

“என்னது?” அண்ணிக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “தொண்ணூத்தி மூணா? ஆஸ்பத்திரி மெஷின்ல எம்பத்தெட்டுதான் வருது! உன் தராசு தப்புடா!”

மியூசியத்துக்கே எடைக்கல்லைத் தூக்கிக்கொண்டு போன ஆள் இவர். ஆஸ்பத்திரி மெஷினைச் சும்மா விடுவாரா? அடுத்த சண்டை ஆரம்பமாகிறது, இந்தக் குடும்பத்தோடு என்னால் முடியாது என்று நினைத்தேன்.

இவர் தராசைப் பார்த்தார். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

“இருக்கும்க்கா” என்றார். “பழைய தராசுதானே. தப்பாத்தான் இருக்கும்.”

அண்ணி வெற்றியோடு இறங்கிச் செருப்பைத் தேடினார். நான் காபி போட அடுப்படிக்குப் போனேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு நின்றபோதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு அந்த நானூறு கிராமை விட்டுக்கொடுக்க இந்த மனுஷருக்கு இன்றுவரை மனசு வரவில்லை.